கட்டி மேல வெச்சாச்சு

மார்ச் 4

வணக்கம்.

'அன்புள்ள' என்று தொடங்கப் பார்த்தேன், கை வரவில்லை. போனில் பேசலாம்தான். பேசினால் கத்துவேன். எழுதும்போது கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று தெரியும். நம் மனைவிமார், அக்காவும் தங்கையும், தினமும் போனில் பேசிக்கொள்கிறார்களே, உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றால்கூட எனக்கு இங்கே தெரிந்துவிடுகிறது. நம் இருவர் விஷயத்தை மட்டும் அவர்கள் வாயில் எடுப்பதில்லை. அப்படி ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பஸ் கம்பெனியில் புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். போன மாதச் சம்பளம் குறைவாக வந்தது. கேட்கப் போனால் சம்பளக் குமாஸ்தா என்னைத் தனியாகக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு, "சார், வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்றார். வரி வசூல் அலுவலகத்திலிருந்து கம்பெனிக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. நாம் இருவரும் சேர்ந்து நடத்திய டிரைவிங் ஸ்கூலுக்குப் பல வருஷமாக வரியே கட்டவில்லையாம். வரி, அதற்கு வட்டி, அதன் மேல் அபராதம். பங்குதாரர் என்ற முறையில் என் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை மாதாமாதம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். ஒழுங்கு, நேர்மை என்று டிரைவர்களுக்கு வகுப்பெடுக்கிறவன் நான். அந்த அறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

ஒவ்வொரு வருஷமும் உங்களைக் கேட்டேன். "வரிச் சமாச்சாரமெல்லாம் கட்டியாச்சா?" என்று. "கட்டி மேல வெச்சாச்சு" என்று வாய் கூசாமல் சொன்னீர்கள். பணத்தைக் கட்டி மேலிடம்வரை அனுப்பியாகிவிட்டது என்று நானும் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தப் பணம் எங்கே போனது? இது ஒன்றுக்குப் பதில் எழுதினால் போதும்.

உங்கள் அக்காவுக்குக் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தோம். இப்போது தள்ளிப் போட்டாகிவிட்டது. இதை அவள் தன் தங்கையிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் பங்குதாரர்


மார்ச் 11

சகலைக்கு,

முதல்ல இந்த 'நீங்கள்', 'உங்கள்' எல்லாம் எதுக்கு? என் கல்யாணத்தன்னிக்கே காதோரமா வந்து, "ஓடறதுன்னா இப்பவே ஓடிடுடா, வண்டி வாசல்ல ரெடியா நிக்குது"ன்னு சொன்ன ஆள் நீங்க. அன்னிலேர்ந்து 'டா'தான். இப்ப வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதினா எனக்கு என்னமோ செத்துப்போன மாதிரி இருக்கு. திட்டறதுன்னா 'டா' போட்டே திட்டுங்க.

பணம் எங்க போச்சுன்னு என்னைக் கேக்கறீங்க. கல்லாப்பெட்டி யார்கிட்ட இருந்துச்சு சகலை? வர்ற பணம் பூராவும் உங்க கையில. வந்த காகிதம் பூராவும் என் கையில. அப்படித்தானே பிரிச்சுக்கிட்டோம்? வரியை நீங்க கட்டியிருப்பீங்கன்னு நான் இருந்தேன். நீங்க வந்து "கட்டியாச்சா"ன்னு கேட்டப்பல்லாம், காகிதத்தைக் கேக்கறீங்கன்னு நினைச்சேன். அந்த வருஷத்து ரசீது, பில்லு, ஆபீஸ்லேர்ந்து வந்த கடுதாசி எல்லாத்தையும் நாடா போட்டு இறுக்கிக் கட்டி, பரண் மேல வெச்சேன். கட்டி மேல வெச்சாச்சுன்னு சொன்னேன். இதுல பொய் எங்க இருக்கு? இப்பவும் வந்து பாருங்க, கட்டுக் கட்டா பரண் மேல இருக்கு. வரி ஆபீஸ் நோட்டீஸும் அதுலயே இருக்கு. கவர்ல முத்திரையைப் பார்த்ததும், நீங்க கட்டின பணத்துக்கு ரசீது போலன்னு நினைச்சுப் பிரிக்காமலே சேர்த்துக் கட்டிட்டேன்.

என்னைத் திருடன்னு நினைச்சுட்டீங்களே, அதுதான் தாங்கல. ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. உங்க மச்சினி, பல்லு வலியான்னு கேட்டா.

உங்களுக்குச் சம்பளம்னா எனக்கு வண்டி. வசூல் அதிகாரி ஒரு அம்மா வந்தாங்க. வயசு அதிகம் இருக்காது, ஆனா சிரிக்கவே மாட்டாங்க. வண்டியை ஜப்தி பண்ணி, கண்ணாடியில தாள் ஒட்டிட்டுப் போயிட்டாங்க. கத்துக் கொடுக்கிற மாஸ்டர் சீட்டுக்கு எதிர்ல இருக்கிற பிரேக்கைப் பார்த்துட்டு, இது எதுக்குன்னு கேட்டாங்க. கத்துக்கிறவங்க பயந்து எல்லாத்தையும் மறந்துட்டா நாங்க மிதிக்கிறதுக்குன்னு சொன்னேன். 'கூடுதல் பிரேக் ஒன்று'ன்னு பட்டியல்ல எழுதிக்கிட்டாங்க. ஏப்ரல் கடைசிக்குள்ள பணம் கட்டலன்னா ஏலம். ஷெட்டை விட்டு வண்டியை நகர்த்தக் கூடாது.

வண்டி நகராம டிரைவிங் சொல்லிக் கொடுக்கிறேன் சகலை. வர்றவங்களை நிக்கிற வண்டியில உக்கார வெச்சு, கிளட்ச் மிதிங்க, கியர் மாத்துங்க, இப்ப வளைவு வருது, கண்ணாடியைப் பாருங்கன்னு சொல்றேன். கண்ணாடியில எங்க ஷெட்டுச் சுவர்தான் தெரியுது. பாதிப் பேர் வேற ஸ்கூலுக்குப் போயிட்டாங்க. மீதிப் பேரும் போறதுக்கு முன்னாடி கட்டின ஃபீஸைத் திருப்பிக் கேப்பாங்க. வண்டி போயிடுச்சுன்னா ஸ்கூல் போச்சு. எனக்கு வேற தொழில் தெரியாது.

அந்தம்மா ஒண்ணு சொன்னாங்க. வரி விஷயம் பூராவும் ஒரு பங்குதாரர் பொறுப்புன்னு மத்தவர் எழுதிக் கொடுத்தா, எழுதினவர் மேல இப்போதைக்குக் கை வைக்க மாட்டாங்களாம். யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன்.

அக்கா கண்ணு விஷயத்தை எனக்கு எதுக்கு எழுதினீங்க? சொல்லவும் முடியல, மெல்லவும் முடியல. உங்க மச்சினி முகத்தைப் பார்த்தா சோறு எறங்கல.

சகலை


மார்ச் 18

டேய்,

உன் கடுதாசியை வாசல்லயே நின்னு படிச்சேன். 'நாடா போட்டு இறுக்கிக் கட்டி' வரைக்கும் வந்தேன். அப்புறம் மறுபடியும் முதல்லேர்ந்து படிச்சேன். உள்ள போய் உன் அக்காகிட்ட சத்தமாப் படிச்சுக் காட்டினேன். சிரிக்க ஆரம்பிச்சவ நிறுத்தல. தரையில உக்காந்துட்டா. கண்ணுல தண்ணி வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அது வேற எனக்குப் பயம். "அந்தக் கட்டை ஒரு வருஷம் நான்தான் ஸ்டூல் போட்டு ஏறிப் பரண் மேல தள்ளினேன்"ங்கறா. இத்தனை நாள் இவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் சிரிக்கல. உன்னைத் திருடன்னு நான் எழுதல, ஆனா நினைச்சேன். நினைச்சது தப்பு. இதுக்கு மேல என்னால எழுத முடியாது, புரிஞ்சுக்கோ.

பணம் எங்க போச்சுங்கறது இப்பத்தான் எனக்கே புரியுது. வருஷக் கடைசியில கல்லாவைப் பார்ப்பேன். வரி கட்டின பிறகும் இவ்வளவு மிச்சமா, பரவாயில்லையே நம்ம ஸ்கூலுன்னு பூரிச்சுப் போவேன். ரெண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி ஃபிரிட்ஜ் வாங்கினேனே, ஞாபகம் இருக்கா? அது அரசாங்கத்துப் பணம்டா. உன் வீட்டுக் கூரை ஒழுகுதுன்னு மாத்திக் கொடுத்தேனே, அதுவும்தான். நல்ல மனசோட செலவழிச்சேன், அடுத்தவன் பணத்தை.

சரி, இப்ப நான் சொல்றதைக் கேளு. எதிர்த்துப் பேசாதே. அந்த அதிகாரியம்மா சொன்னபடி நீ எழுதிக் கொடுத்துடு. 'வரி விஷயம் முழுக்க என் பெரிய சகலை பொறுப்பு'ன்னு எழுது. எப்படியும் என் சம்பளத்துல பிடிக்கிறாங்க, இன்னும் கொஞ்சம் பிடிப்பாங்க. நான் மாசச் சம்பளக்காரன், பட்டினி கிடக்க மாட்டேன். உன் வண்டி வெளிய வந்தாத்தான் உன் வீட்டுல அடுப்பு எரியும். அக்கா கண்ணுக்கு அவசரமில்லைன்னு டாக்டரே சொன்னார்.

மச்சினிகிட்ட இன்னும் சொல்லலதானே?

உன் சகலை


மார்ச் 26

சகலைக்கு,

'அவசரமில்லைன்னு டாக்டரே சொன்னார்'. சகலை, உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பொய் சொல்றப்ப யார் சொன்னாங்கன்னு கூடச் சேர்த்துச் சொல்லுவீங்க. நிஜம்னா வெறும்னேதான் சொல்லுவீங்க. உங்க மச்சினிக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு, நான் சொல்லல. அக்கா போன்ல பேசறப்ப, டிவியில என்ன ஓடுதுன்னு இவ கேட்டிருக்கா. அக்கா தடுமாறியிருக்கா. அதுபோதும் இவளுக்கு. அன்னிக்கு ராத்திரி சண்டை எனக்கும் அவளுக்கும்தான்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க எழுதச் சொல்றதுக்கு முன்னாடியே நான் எழுதிட்டேன். போன வாரம் அந்த ஆபீஸுக்குப் போயிருந்தேன். பெஞ்சுல உக்காந்து, தாள் வாங்கி, 'எல்லாப் பணமும் என் பெரிய சகலை கையில் இருந்தது, வரி கட்ட வேண்டியது அவர்தான்'னு நாலஞ்சு வரி எழுதினேன். படிச்சுப் பார்த்தா நிஜம் மாதிரியே இருந்துச்சு. ஒரு எழுத்து பொய்யில்ல, ஆனா மொத்தமாப் பார்த்தா பெரிய பொய். எனக்கே பயமாயிடுச்சு. மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டு வந்துட்டேன். உங்க மச்சினி சட்டையோட சேர்த்துத் துவைச்சுட்டா. பையில ஒட்டிக்கிட்டிருந்த தாளைச் சுரண்டி எடுத்துக்கிட்டே என்ன இதுன்னு கேட்டா.

அதனால எழுதிக் கொடுக்க மாட்டேன். வேற ஒண்ணு பண்ணப் போறேன். வண்டி போனாப் போகட்டும். ஏலத்துல வர்றது போக மீதியை நானே கட்டறேன். பார்சல் கம்பெனிக்காரன் ஒருத்தன் வேன் ஓட்ட ஆள் கேக்கறான். காலையில போனா சாயங்காலம் வந்துடலாம். 'பாக்கி முழுவதும் என் பொறுப்பு, பெரியவர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்'னு எழுதிக் கொடுத்துடறேன். அக்காவுக்கு நாள் குறிங்க.

சகலை


ஏப்ரல் 2

எழுதாதே.

நான் இந்தக் கடுதாசியை எழுதறதுக்குள்ள நீ எழுதிக் கொடுத்துத் தொலைச்சிருப்பியோன்னு பயந்து, அக்காவை விட்டு மச்சினிக்குப் போன் பண்ணச் சொன்னேன். இன்னும் கொடுக்கலன்னு தெரிஞ்சுது. இனியும் கொடுக்காதே. நீ வேன் ஓட்டி, மூட்டை தூக்கி, அதுல நான் சம்பளத்தை முழுசா வாங்கிச் சாப்பிடணுமா? எனக்கு உடம்புல ரோஷம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

ரோஷம்னதும் இதையும் சொல்லிடறேன். ரெண்டு வருஷமா மனசுல வெச்சுக்கிட்டு இருக்கேன். நான் ஏன் ஸ்கூலை விட்டுப் போனேன்னு உனக்குத் தெரியுமா? பழைய வண்டியைத் தள்ளிட்டுப் புதுசு வாங்கலாம்னு நான் சொன்னேன், வேண்டாம்னு நீ சொன்ன. பேச்சு வளர்ந்துது. கத்துக்க வந்தவங்க எல்லாரும் நின்னு வேடிக்கை பார்த்தாங்க. "நீங்க சும்மா ஹார்ன்தான் சகலை, சத்தம் மட்டும்தான்"னு சொன்ன. அதைக்கூட விட்டுடுவேன். நான் வெளிய போறப்ப அத்தனை பேரும் சிரிச்சாங்க. திரும்பிப் பார்த்தா நீயும் சிரிச்சுக்கிட்டு இருந்த. அதுதான்டா. மத்தவங்க சிரிச்சது எனக்கு வலிக்கல. நீ சிரிச்சது வலிச்சுது. இன்னிவரைக்கும் வலிக்குது.

இதுக்கு ஒரு பதில் சொல்லு. வரிக் கதையை அப்புறம் பேசலாம்.

சகலை


ஏப்ரல் 9

சகலைக்கு,

சிரிச்சேன். இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா எதுக்குச் சிரிச்சேன்னு உங்களுக்குத் தெரியலையா? இத்தனை நாளா தெரிஞ்சுக்கிட்டுத்தான் கோவமா இருக்கீங்கன்னு நினைச்சேன்.

நீங்க மூக்கு விடைக்க, கதவைப் படார்னு திறந்து, வண்டியில ஏறி உக்காந்தீங்க. பழக்க தோஷத்துல மாஸ்டர் சீட்டுல உக்காந்துட்டீங்க. சாவியை எடுத்து நீட்டறீங்க, போட இடமில்ல. முன்னாடி கையை வெச்சுத் தடவறீங்க, ஸ்டியரிங் இல்ல. இத்தனை வருஷம் ஊருக்கே டிரைவிங் சொல்லிக் கொடுத்தவர் ஸ்டியரிங்கைத் தேடறார். இறங்கிச் சுத்தி வந்து அந்தப் பக்கம் ஏறறதுக்குப் பதிலா, வண்டியே வேண்டாம்னு ரோட்டுல இறங்கி நடந்துட்டீங்க. யாராலதான் சிரிக்காம இருக்க முடியும்? அடுத்த வளைவுல நின்னு திரும்பி வருவீங்க, ரெண்டு பேரும் சேர்ந்து சிரிப்போம்னு வாசல்லயே நின்னேன். நீங்க வரல. ஹார்ன்னு சொன்னது கோவத்துல சொன்னது. அது தப்பு, நீங்க இல்லாம ஸ்கூல் ரொம்ப அமைதியா இருக்கு, எனக்குப் பிடிக்கல.

இப்ப முக்கியமான சேதி. நேத்து ஆபீஸுக்குப் போய், கட்டி மேல வெச்ச கதையை அந்தம்மாகிட்ட முழுசாச் சொன்னேன். பரண்லேர்ந்து எடுத்த ஒரு கட்டையும் மேஜை மேல வெச்சேன். தூசி அவங்க மேல பூரா கொட்டிடுச்சு. அப்பவும் சிரிக்கல. நாடாவைப் பிரிச்சு, பிரிக்காத கவரையெல்லாம் ஒண்ணொண்ணா எண்ணிப் பார்த்தாங்க. "அபராதத்தைக் குறைக்க இது நியாயமான காரணமான்னு மேல கேக்கணும்"னாங்க. எந்த மேலன்னு நான் கேக்கல, வாயை மூடிக்கிட்டேன்.

அப்புறம் ஏதோ பெரிய பதிவேட்டைப் பார்த்துட்டு, "நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டதா சொல்றீங்க. இங்க அப்படி எதுவும் இல்லையே"ன்னாங்க. நாம பிரிஞ்சதை யாரும் எங்கயும் பதிவு பண்ணல சகலை. கோவத்துல யாருக்கு ஞாபகம் வரும்? அரசாங்கத்தைப் பொறுத்தவரைக்கும் நாம இன்னும் சண்டையே போடல.

அதனால ரெண்டு வழியாம். இப்பப் பிரிஞ்சுட்டோம்னு பதிவு பண்ணினா, பாக்கியை உடனே கட்டணும், வண்டி ஏலத்துக்குப் போகும். பிரியல, சேர்ந்துதான் இருக்கோம்னு ரெண்டு பேரும் படிவம் கொடுத்தா, தவணை போட்டுக் கட்டலாம். ஜப்தியை எடுத்துடுவாங்க, சம்பளப் பிடித்தமும் நின்னுடும். ஆனா பங்குதாரர்களுக்குள்ள தகராறு இருந்தா தவணை கிடையாதாம். அதை அழுத்திச் சொன்னாங்க.

உங்க படிவத்தை இதோட அனுப்பறேன். உங்க இஷ்டம். ரெண்டு வருஷமா நீங்க இல்லாத தொழிலுக்கு உங்களைக் கையெழுத்துப் போடச் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனாலும் இப்பவும் சொல்றேன், எப்படி முடிஞ்சாலும் பணம் முழுக்க நான்தான் கட்டுவேன். ஏப்ரல் முடியறதுக்குள்ள சொல்லுங்க.

சகலை


ஏப்ரல் 16

டேய்,

ஸ்டியரிங் விஷயம் உன் அக்காகிட்ட இதுவரைக்கும் சொல்லாம வெச்சிருந்தேன். உன் கடுதாசியை அவ எடுத்துப் படிச்சுட்டா. இந்த வீட்டுல இனி எனக்கு மரியாதை கிடையாது. பஸ் டிப்போ வரைக்கும் வந்து சொல்லிட்டாலும் சொல்லிடுவா.

அன்னிக்கு நான் அந்த வளைவுல கொஞ்ச நேரம் நின்னேன். நீ கூப்பிடுவேன்னு பார்த்தேன். இதை இப்ப எழுதறப்ப எனக்கே சிறுபிள்ளைத்தனமாத்தான் இருக்கு.

படிவத்தை நிரப்பி நேரா ஆபீஸுக்கே தபால்ல அனுப்பிட்டேன். உன்கிட்ட அனுப்பினா நீ ஏதாவது திருத்துவே. கேட்டதுக்கெல்லாம் உண்மையா பதில் எழுதியிருக்கேன். ஏற்கெனவே அரசாங்கத்தை ஏமாத்தினது போதும். என்ன ஆகுதோ ஆகட்டும், போய்ப் பார்த்துட்டுச் சொல்லு.

சகலை


ஏப்ரல் 24

சகலைக்கு,

காலையிலேயே போயிட்டேன். அந்தம்மா என் படிவத்தையும் உங்க படிவத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, வரிவரியா விரலை வெச்சுப் பார்த்துக்கிட்டே வந்தாங்க. ஒரு இடத்துல விரல் நின்னுடுச்சு. "இது சரியா வராதே"ன்னாங்க.

'பங்குதாரர்களுக்குள் தகராறு உண்டா?' நான் 'இல்லை'ன்னு எழுதியிருந்தேன். நீங்க 'உண்டு'ன்னு எழுதியிருக்கீங்க.

சிரிச்சதுக்கு நான் சொன்ன காரணம் உங்களுக்குப் பத்தல போலிருக்கு, இந்த ஜென்மத்துல இவர் மன்னிக்கப் போறதில்லன்னு நினைச்சேன். சத்தியமா வண்டியைப் பத்தி அப்ப நினைக்கல. வண்டி போனா இன்னொண்ணு. "பரவாயில்லம்மா, அவர் எழுதினதுதான் சரி"ன்னு சொல்லிட்டு எழுந்துட்டேன்.

"உக்காருங்க, கீழ விவரம் எழுதியிருக்காரு"ன்னு சொல்லி, தாளை என் பக்கம் திருப்பினாங்க. உங்க கையெழுத்து இன்னும் அப்படியேதான் இருக்கு, எறும்பு ஊர்ற மாதிரி. 'பாக்கி முழுவதையும் தானே கட்டுவதாக என் சின்ன சகலை பிடிவாதம் பிடிக்கிறான். இதற்கு நான் சம்மதிக்கவில்லை. சம்மதிக்கவும் மாட்டேன்.'

நான் அதை எத்தனை தடவை படிச்சேன்னு தெரியல. பின்னாடி வரிசையில நின்ன ஆளு, "என்ன சார், பெரிய தொகையா?"ன்னு கேட்டாரு. அழுதேன் சகலை, அந்த ஆபீஸ்ல, அத்தனை பேர் நடுவுல. யாராவது சிரிச்சாங்களான்னு நான் பார்க்கல.

அந்தம்மா, "ரெண்டு பேர் பதிலும் ஒண்ணா இருந்தாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். இந்த மாதிரி தகராறுக்குத் தவணை கொடுக்கக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல"ன்னு சொல்லி, பேனாவை நீட்டினாங்க. என் தாள்ல 'இல்லை'யை அடிச்சிட்டு 'உண்டு'ன்னு எழுதினேன். விவரம்னு இருந்த இடத்துல, 'அவர் சொல்வது உண்மை'ன்னு எழுதினேன்.

தவணை கிடைச்சாச்சு. வண்டிக் கண்ணாடியில ஒட்டின தாளை நாளைக்கு அவங்க ஆளே வந்து கிழிச்சுடுவானாம். சம்பளம் அடுத்த மாசத்துலேர்ந்து முழுசா வரும். முதல் தவணை யார் கட்டறதுன்னு நேர்ல பேசிக்கலாம். அக்காவுக்கு ஆபரேஷன் இங்கயே வெச்சுக்கலாம்னு உங்க மச்சினி சொல்றா, டாக்டரையும் பார்த்துட்டு வந்துட்டா. ஞாயித்துக்கிழமை ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டுவர்றேன். ரெண்டு பேரும் வந்து சேருங்க.

உங்க சகலை